சேசு, மரி, அவுக

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கோயில் வாசலில் நின்று யாராவது ‘சூசை’ என்று ஒரு குரல் கொடுத்தால், பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பவர், டீக்கடையில் கடன் சொல்லிக்கொண்டிருப்பவர், புளியமரத்தடியில் கோலி ஆடும் பொடியன்கள் என்று ஒரு கூட்டமே திரும்பிப் பார்க்கும். அதனால் சூசை என்பது எங்களுக்கு முழுப் பெயராகவே இருந்ததில்லை. பாதியைச் சாமியார் கொடுப்பார், மீதியை ஊர் கொடுக்கும். வண்டிச் சூசை, கொத்தனார் சூசை, நெட்டைச் சூசை, மிலிட்டரிச் சூசை. மிலிட்டரிச் சூசை பட்டாளத்தில் சப்பாத்தி சுட்டவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர் நடந்து வந்தால் நாங்கள் விறைப்பாக நிற்போம். திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உங்கள் ஊரில் அது அந்தோணியாகவோ சவரிமுத்துவாகவோ இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் பிறந்தது மார்ச் மாதத்தில். மார்ச் மாதம் சூசையப்பர் வணக்க மாதம், 19ஆம் தேதி அவர் திருநாள். தாத்தா பெயரும் சூசை. ஆக, என் பெயரைப் பற்றி வீட்டில் யாரும் அரை நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். இன்றைக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செல்பேசியில் பெயர்ப் பட்டியல் இறக்கி, நியூமராலஜி பார்த்து, அப்பாவின் முதல் எழுத்தையும் அம்மாவின் கடைசி எழுத்தையும் ஒட்டவைத்து ஒரு பெயரைக் கட்டி எழுப்புகிறவர்களைப் பார்க்கும்போது, எங்களைப் பெற்றவர்கள் எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்போது சட்டமும் அவர்கள் பக்கம் இருந்தது. 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர்தான் வைக்கப்படுகிறதா என்று பங்குச் சாமியார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றவர்கள் பிடிவாதம் பிடித்தால், அவர்கள் சொன்ன பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். புத்தகம் லத்தீனில் இருந்தது. அப்படியாக, தலையில் தண்ணீர் பட்டு நான் வீரிட்ட அந்தக் காலையில், ரோமாபுரிக்கு நான் யோசேபுஸ், ஊருக்குச் சூசை, பள்ளிக்கூடத்துக்குச் சூசைராஜ். தொட்டிலில் கிடந்தபடியே மூன்று ஆளாகிவிட்டேன்.

பெயருக்கு அர்த்தம் சொன்னவர் எங்கள் ஊர் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் எங்களுக்கு வத்திக்கான். யாக்கோபின் மனைவி ராகேல் வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, கடைசியில் ஒரு மகனைப் பெற்றபோது, ஆண்டவர் இன்னொரு மகனையும் கூட்டித் தரட்டும் என்ற ஆசையில் வைத்த பெயர் யோசேப்பு என்றார். எபிரேய மொழியில் ‘கூட்டுவார், சேர்ப்பார்’ என்று பொருள். ஒரு பிள்ளை பிறந்த அன்றைக்கே அடுத்த பிள்ளைக்கு மனுப் போட்ட பெயர்! சுவரெங்கும் சிவப்பு முக்கோணம் வரைந்து ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று எழுதிவைத்த சர்க்காருக்கு இந்த அர்த்தம் தெரிந்திருந்தால் எங்கள் ஊரின் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். அந்த இன்னொரு மகனான பென்யமினைப் பெற்ற நாளில் ராகேல் இறந்துபோனாள் என்பதை உபதேசியார் எங்களிடம் சொல்லவில்லை. அது பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டது.

யோசேப்பு எப்படிச் சூசை ஆனார் என்பது உபதேசியாருக்கும் தெரியாது. தமிழ் ஓசை போலவே இருப்பதால் அது நம் ஊர்ப் பெயர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். 1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோதும், 1542இல் சவேரியார் அந்தக் கடற்கரைக்கு வந்தபோதும், அங்கே சாமியார்களின் வாயில் புழங்கியது போர்த்துக்கீசியம். அவர்கள் எழுத்தைப் பார்த்தால் ஜோஸே மாதிரி இருக்கும், காதால் கேட்டால் ‘ஜுஸே’. அந்த ஜுஸே கடற்கரை மணலில் கொஞ்சம் நடந்து, ஜகரத்தை உதறிவிட்டு, சூசையாக உள்நாட்டுக்குள் ஏறி வந்துவிட்டார். பக்கத்து மலையாளத்தில் அவரே ஔசேப்பு, கிழக்கே அரபு நாட்டுச் சுவாசம் பட்ட ஊர்களில் யூசுப், இத்தாலியில் ஜுசெப்பே. இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த ஜோசப், எங்களைப் பொறுத்தவரை, கடைசியாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்ட சொந்தக்காரன்.

பெயரைவிட அந்தப் புனிதரைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம். பலிபீடத்துக்குப் பக்கத்தில், கையில் லீலி மலர் பூத்த கோலோடு, தாடிக்குள் மறைந்த சிரிப்போடு நிற்பார். சுவிசேஷங்களில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. தூங்குவார், கனவில் தூதர் வந்து சொல்வார், எழுந்து சொன்னபடி செய்வார். எங்கள் ஊர் ஆண்களுக்கு இவ்வளவு பொருத்தமான பாதுகாவலர் வேறு கிடைத்திருக்க மாட்டார். என்ன, அவர்களுக்குக் கட்டளை வந்தது கனவில் அல்ல, அடுப்படியிலிருந்து.

திருநாளில்தான் எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல். மார்ச் 19 எந்த வருஷமானாலும் கறி ஒதுக்கும் தவக்காலத்துக்குள்தான் விழும். ஈஸ்டர் எவ்வளவு முன்னால் வந்தாலும், எவ்வளவு பின்னால் போனாலும் தப்ப முடியாது. ஜூன் மாதத்து அந்தோணியார் பெயர் கொண்டவன் வீட்டில் அன்றைக்கு ஆட்டுக்கறி, டிசம்பர் சவேரியார் பெயர் கொண்டவன் வீட்டில் கோழி. என் பெயர் கொண்ட திருநாளுக்கு மட்டும் பருப்பு, அப்பளம், பாயசம். பிறந்தநாள் என்று ஒன்றை யாரும் கொண்டாடாத காலம் அது. கேக் கிடையாது, மெழுகுவர்த்தி ஊதுவது கிடையாது. கோயிலில்தான் மெழுகுவர்த்தி, அதை ஊதினால் முதுகில் அறை. ஆனால் ஒரு விசேஷம் உண்டு. அன்றைக்கு மத்தியானம் ஏழைப்பட்ட ஒரு வயசாளியையும் ஒரு பெண்ணையும் ஒரு சிறுவனையும் அழைத்து வந்து, திருக்குடும்பமாக நினைத்துத் தலைவாழை இலை போட்டு முதலில் அவர்களுக்குப் பரிமாறிய பிறகுதான் எங்களுக்குச் சோறு. என் வயதுப் பையன் ஒருவன் சேசுபாலனாக உட்கார்ந்து, என் பங்குப் பாயசத்தையும் குடித்துவிட்டு ஏப்பம் விடுவதை நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். இப்போது மார்ச் 19 அன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லீலி மலர் படங்கள் வந்து குவிகின்றன. யாருக்கும் இலை போட வேண்டியதில்லை; பாயசமும் இல்லை, எனக்குச் சர்க்கரை.

இனி அப்பத்தாவைச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் பெயர் சூசை. புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவள் காலத்துப் பெண்களுக்குக் கிடையாது என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கினால் ஏதோ தொல்காப்பியம் படித்துக்காட்டுவது போல் பார்க்கிறார்கள். அவளுக்கு வந்த சிக்கல் சாதாரணமானதல்ல: பேரன் பெயரும் அது, அர்ச்சியசிஷ்டவர் (அந்தக் காலத்துத் தமிழில் புனிதர்) பெயரும் அது. என்னைச் சூசைராஜில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ‘ராசு’ என்று சமாளித்தாள். வண்டிச் சூசை அவள் வாயில் ‘வண்டிக்காரர்’. ஜெபத்தில்தான் வழியில்லை. ராத்திரி குடும்ப ஜெபம் முடியும்போது எல்லாரும் ‘சேசு, மரி, சூசை’ என்று ஒரே குரலில் சொன்னால், ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் மட்டும் ‘சேசு, மரி, அவுக’ என்று முடியும். ஒருமுறை உபதேசியார் இதைக் கேட்டுவிட்டு, “ஆத்தா, மோட்சத்துல இருக்குற அர்ச்சியசிஷ்டவரு உன் புருஷன் இல்ல, தாராளமா பேரச் சொல்லலாம்” என்றார். “அது அவருக்குத் தெரியும் அய்யா, இவுகளுக்குத் தெரியணுமே” என்று திண்ணைப் பக்கம் கையைக் காட்டினாள். திண்ணையில் தாத்தா காது கேட்காதவர் போல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

சூசையப்பர் நல்மரணத்துக்குப் பாதுகாவலர். சேசுவும் மரியாளும் பக்கத்திலிருக்கக் கண்மூடியவர் என்பது பாரம்பரியம். அதனால் சாகக் கிடப்பவர் காதில் அந்த மூன்று பெயரையும் விடாமல் சொல்வார்கள். தாத்தா கிடந்தபோது நான் திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தந்தி வந்து ஓடினேன். உபதேசியார் சொல்லிக் களைத்து ஓய்ந்த நேரம், அப்பத்தா தலைமாட்டில் குனிந்து, முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, சேசு, மரி என்று சொல்லி நிறுத்தி, எங்களையெல்லாம் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ‘சூசை’ என்றாள். ஐம்பது வருஷத்துக்குமேல் ஒன்றாகக் குடித்தனம் செய்த மனிதரை அவள் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். உபதேசியார் அதை ஜெபத்தின் பலன் என்று பின்னால் ஊரெல்லாம் சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்ட அதிர்ச்சி என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தந்தி என் விடுதி அறைக்கு வந்தபோது அதில் இருந்த பெயர் சூசைராஜ். அறைக்கதவில் சுண்ணாம்புக்கட்டியால் நான் எழுதி வைத்திருந்த பெயர் ஜோ. தபால்காரர் அடுத்த அறையில் போய் விசாரித்திருக்கிறார். ஆமாம், அப்போது நான் ஜோ. பெல்பாட்டம், காதை மூடிய கிராப்பு, கூடவே ஒற்றை எழுத்துப் பெயர். சினிமாவில் அந்நாளில் எங்கள் ஆட்களுக்குக் கல்லறைத் தோட்டக் காவலையும் கிளப் டான்ஸையும் விட்டால் வேறு பிழைப்பில்லை. இருந்தாலும் ஜோ என்று ஒருவன் கிதாரோடு வந்தால் பாட்டு அவனுக்குத்தான். சூசை என்ற பெயரில் யாரும் கிதார் வாசித்து நான் பார்த்ததில்லை. அதே நான் சாயங்காலமானால் மரபுக்கவிதை எழுதி, அடியில் ‘வளனரசு’ என்று கையெழுத்திடுவேன். பெயரையெல்லாம் தமிழாக்குகிற காற்று அப்போது பலமாக வீசிக்கொண்டிருந்தது. சூசையைத் தமிழாக்கியவன் நான்தான் என்பதுபோல ஒரு நடை.

அந்த வேலையை வீரமாமுனிவர் 1726லேயே முடித்துவிட்டிருந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற இத்தாலியர் முதல் பெயரின் பொருளைப் பிடித்துத் தைரியநாதர் ஆனார், பிறகு வீரமாமுனிவர் ஆனார்; நடுவிலிருந்த ஜோசப்புக்கோ 3615 பாட்டில் தேம்பாவணி என்று ஒரு காப்பியமே கட்டி, அதில் தலைவனுக்கு வளன் என்று பெயர் வைத்தார். கூட்டித் தருவது வளம், ஆகவே வளன். நான் படித்த கல்லூரியின் தமிழ்ப் பெயரே தூய வளனார் கல்லூரி, 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது. சூசை வேண்டாமென்று ஓடிவந்த இடத்தின் வாசல் வளைவிலும் அவரே நின்றார். இதே பெயரில் எதிர்த்திசையில் நடந்த ஒருவரும் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ், அமெரிக்காவிலெல்லாம் படித்துவிட்டுக் காந்தியிடம் போய்ச் சேர்ந்து, குடும்பத்தின் பழைய பெயரைத் தேடியெடுத்து ஜே.சி. குமரப்பா ஆனார். முன்னால் இருந்த ‘ஜே’யை அவர் விடவில்லை. ஒரே எழுத்தானாலும் சூசை சூசைதான்.

பிறகு ஊரே பெயர் மாற்றத் தொடங்கியது. 1986 பிப்ரவரியில் போப்பாண்டவர் சென்னைக்கு வந்தபோது, செய்தித்தாளில் அவர் இரண்டாம் ஜான் பால். கோயில் சுவரொட்டியில் இரண்டாம் அருள் சின்னப்பர். ஜான் என்றால் ஆண்டவர் அருளுள்ளவர், அதனால் அருளப்பர். பால் என்றால் லத்தீனில் சின்னவன், அதனால் சின்னப்பர். இரண்டையும் சேர்த்தால் போலந்துக்காரர் ஒருவர் திண்டுக்கல்காரர் ஆகிவிடுவார். செய்தித்தாளையும் சுவரொட்டியையும் வாசித்த என் அலுவலக நண்பர் ஒருவர், “ஏன் சார், உங்காளுங்க ரெண்டு பேரு வர்றாங்களா?” என்று அக்கறையோடு கேட்டார். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த பொது விவிலியம் வந்தது. நல்ல காரியம், நல்ல தமிழ். ஒற்றுமைக்கு விலையாக இராயப்பர் பேதுரு ஆனார், அருளப்பர் யோவான் ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார், சூசை யோசேப்பு ஆனார். பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, சேசு இயேசு ஆனார். முதல் சில ஞாயிறுகள், வாசகம் கேட்கும்போது தெரிந்த கதையில் தெரியாத ஆட்கள் நடமாடுவது போலிருந்தது. அப்பத்தா அதற்கு முன்பே போய்விட்டாள். இல்லாவிட்டால், புருஷன் பெயரில்லாத அந்தப் புது ஜெபத்தை அவள்தான் எல்லாரையும்விட உரக்கச் சொல்லியிருப்பாள்.

2005இல் பதினாறாம் பெனடிக்ட் போப்பாண்டவராக வந்தார். எங்கள் ஊர்த் தமிழில் ஆசீர்வாதப்பர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் யோசேப்பு என்று தெரிந்ததும் எங்கள் டீக்கடை அவரை ஜெர்மன் சூசை என்று பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அடுத்து வந்த பிரான்சிஸ், தூங்கும் சூசையப்பர் சுரூபம் ஒன்றைத் தன் மேசையில் வைத்திருப்பதாகவும், கவலையை ஒரு காகிதத்தில் எழுதி அதன் அடியில் வைத்துவிடுவதாகவும் சொன்னது பிரபலமாகி, இப்போது கடைகளிலெல்லாம் சூசையப்பர் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். என் மருமகள் ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். வேலையில் தூங்குகிற புனிதரை அப்பத்தா வீட்டுக்குள் சேர்த்திருப்பாளா என்பது சந்தேகம். எனக்கோ வயசாக ஆக அவரைப் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகிறது.

என் பெயர் மட்டும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆதார் அட்டையின் இங்கிலீஷ் எழுத்தை வைத்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிடுகிற பிள்ளைகள் “சுசி மேடம் இருக்காங்களா?” என்கிறார்கள். நான் பேசினால், “சார், மேடம்கிட்ட குடுங்க” என்கிறார்கள். வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் ஒரு பெண் ‘மிஸ்டர் சுஷி’ என்று அழைக்க, பச்சை மீனைச் சோற்றில் வைத்துச் சுருட்டிய பண்டத்துக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதைப் பேரன் சிரித்து முடித்த பிறகு விளக்கினான். அவன் பந்தாட்டப் பைத்தியம். ஒருநாள் டிவியில் வர்ணனையாளர் மொரின்யோ என்ற பயிற்சியாளரை ‘ஹோசே’ என்று சொன்னதும் இவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “தப்பா சொல்றாங்க தாத்தா. அது ஸ்பானிஷ். அவர் போர்ச்சுகல், ஜுஸேன்னு சொல்லணும்” என்றான். அதைத்தானே என் அப்பத்தா சொல்ல மாட்டேனென்று அடம்பிடித்தாள் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. லிஸ்பன் தெருவில் போய் நின்று ‘சூசை’ என்று குரல் கொடுத்தால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், ‘ஜோசப்’ என்றால் ஊர் சுற்ற வந்தவன் என்று நினைப்பார்கள் என்று சொன்னதும்தான் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

அவன் தங்கைக்குப் பெயர் வைத்தபோது, எந்தப் புனிதரின் பெயர் என்று சாமியார் கேட்டார். ‘ஜெ’யில் தொடங்கும் பெயர் என்று பதில் வந்தது. 1983இல் வந்த புதிய சட்டம் தாராளமானது. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயராக இல்லாமலிருந்தால் போதும் என்கிறது. பிள்ளையின் பெயர் யாருக்கும் அந்நியமாக இல்லை, ஏனென்றால் அதற்கு முன்னால் அந்தப் பெயர் யாருக்கும் இருந்ததில்லை. நாம் இப்படிப் புதுப் பெயர் தேடிக்கொண்டிருக்க, 2022 மே 15 அன்று ரோமாபுரியில் வேறொன்று நடந்தது. நட்டாலத்தில் பிறந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டவரைப் புனிதராக அறிவித்தார்கள். லாசர் என்ற விவிலியப் பெயருக்கு ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். அதை நம் பக்கத்தில் தேவசகாயம் ஆக்கியிருந்தார்கள். பேதுரு சதுக்கத்தில் அன்று போப்பாண்டவர் அந்தத் தேவசகாயத்தைத் திக்கித் திக்கியாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது. பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் அதற்கு முன்பே கழற்றிவிட்டிருந்தது. நம் ஊர் அழைப்பிதழ்களில் அது இன்னும் கழலவில்லை.

என் மகன் பெயருக்கு முன்னால் நான் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தாக இருக்கிறேன். பேரன் பெயரில் அந்த எழுத்தும் இல்லை. உங்கள் வீட்டிலும் முன்னெழுத்துகள் இருக்கும். ஒரு ‘எஸ்’ஸுக்குப் பின்னால் சூசையோ சவரிமுத்துவோ சந்தியாகுவோ, ஒரு ‘ஐ’க்குப் பின்னால் இன்னாசியோ நின்றுகொண்டிருப்பார். பெரியவர்கள் இருக்கும்போதே முழுப் பெயரைக் கேட்டு, யார் நினைவாக, எந்தத் திருநாளில் வைத்தார்கள் என்பதோடு ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பங்கு அலுவலகத்துப் பழைய புத்தகத்தை நம்ப வேண்டாம். எங்கள் ஊர்ப் புத்தகத்தைப் போன வருஷம் போய்ப் பார்த்தேன். யோசேபுஸ்கள் இருந்த பக்கங்களைக் கரையான் தின்று முடித்துவிட்டது.